அப்பாயியின் வத்தக்குழம்பும் மாக்கல் சட்டியும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மாக்கல் சட்டி, அதாவது மென்மையான கல்லில் குடைந்த கல்சட்டி, வாங்கலாமா என்று யாராவது கேட்டால், "வீட்டில் வாரம் எத்தனை நாள் புளிக்குழம்பு வைப்பீங்க?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். ஒரு நாளோ ரெண்டு நாளோ என்றால் வேண்டாம், நல்ல இரும்புச் சட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சுண்டைவத்தல், மணத்தக்காளி, காரக்குழம்பு, கீரை மசியல் என்று ஓடுகிற வீடு என்றால் தாராளமாக வாங்கலாம். நாலைந்து வருடமாக ஒன்றை வைத்துப் புழங்குகிறேன். அதன் குணமும் குறையும் நன்றாகவே பழகிவிட்டது.

பாரம்பரியப் பாத்திர ஆசையில் நான் இதை வாங்கவில்லை. அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, வைத்த வத்தக்குழம்புக்காக வாங்கினேன்.

லால்குடி பக்கம் எங்கள் ஊர். அப்பாயி இருந்தவரை எங்கள் வீட்டில் குழம்பு கல்சட்டியில்தான் கொதித்தது. அப்பாயி காலமான பிறகு சட்டி விரிசல் விட்டு, கொல்லையில் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டது. அம்மா அதே பக்குவத்தில் எவர்சில்வரில் வைக்க ஆரம்பித்தார். அம்மாவுக்குக் கைப்பக்குவம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சாம்பார், ரசம், கூட்டு எல்லாம் அப்பாயி வைத்ததை விடவே நன்றாக இருக்கும். இந்த ஒரு குழம்பு மட்டும் நீர்த்துப்போய், லேசான புளி வாடையோடு நிற்கும். புளியை மாற்றிப் பார்த்தார், மிளகாய்த்தூளைப் புதிதாக அரைத்துப் பார்த்தார், எண்ணெயைக் கூட்டிப் பார்த்தார். கடைசியில், "அது அத்தையோட கைராசி, நமக்கு வராது" என்று விட்டுவிட்டார்.

கைராசி எல்லாம் சரிதான். ஆனால் அப்பாயி சொல்லிக்கொடுத்த செய்முறையின் கடைசி வரியை எங்கள் வீட்டில் யாருமே காதில் வாங்கவில்லை. "பச்ச வாட போற மாதிரி இருக்கையிலயே அடுப்ப அமத்திடு. மிச்சத்த சட்டி பாத்துக்கும்." அம்மா அடுப்பை அமர்த்துவது வரை அப்படியே செய்தார். மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் சட்டி இல்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் அடுப்பை அணைத்த அரை நிமிடத்தில் கொதி அடங்கிவிடும். அப்பாயியின் கணக்கு கல்சட்டியில் போட்ட கணக்கு. அதை அப்படியே வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் கடைசிப் பத்து நிமிடச் சமையல் காணாமல் போகும். புதுச் சட்டி வாங்கி முதல் குழம்பு வைத்த அன்றுதான் எனக்கு இது உறைத்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒரே எடைக்கு ஒப்பிட்டால் மாக்கல் எவர்சில்வரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். போதாததற்குச் சட்டியே மூன்று கிலோவுக்குக் குறையாது, சுவர் விரல் தடிமன் இருக்கும். சூடேற நேரம் எடுக்கிற பாத்திரம் ஆற அதைவிட அதிக நேரம் எடுக்கும். கல்லில் புளி பட்டாலும் ஒன்றும் செய்யாது. பித்தளை, அலுமினியம் மாதிரி களிம்போ வாடையோ கிளம்பாது.

நான் வைக்கிற விதத்தைச் சொல்கிறேன், நாலு பேருக்கு. எலுமிச்சை அளவு பழைய புளியை ஊறவைத்து இரண்டரை டம்ளர் கரைசல் எடுத்துக்கொள்கிறேன். சட்டியைச் சிறுதீயில் ஏற்றி, ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகலாம். எண்ணெய் காய எட்டு நிமிடமாவது ஆகும். ஒரு கைப்பிடி சுண்டைவத்தலைப் பொரித்துத் தனியே எடுத்துவைக்கிறேன். அதே எண்ணெயில் கடுகு, ஒரு ஸ்பூன் துவரம்பருப்பு, அரை ஸ்பூன் வெந்தயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. அப்புறம் உரித்த சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பத்துப் பல். வெங்காயம் நிறம் மாறியதும் இரண்டு ஸ்பூன் குழம்பு மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் போட்டு ஒரு பிரட்டு. புளிக்கரைசல், உப்பு. கால் மணி நேரம் கொதித்து முக்கால் பங்காக வற்றும்போது பொரித்த வத்தலையும் ஒரு சிறு துண்டு வெல்லத்தையும் போட்டு அணைத்துவிடுகிறேன்.

அணைக்கும்போது பார்த்தால் குழம்பு இன்னும் தண்ணியாகத்தான் இருக்கும், மனசு ஒப்பாது. ஆனால் தீ போன பிறகும் நடுவில் பொளக் பொளக் என்று குமிழ் வெடித்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் அது ஓரத்துக்கு ஒதுங்கும். அப்போது எண்ணெய் பிரிந்து விளிம்பைச் சுற்றிச் செந்நிற வளையமாகக் கட்டும், சுண்டைவத்தல் உப்பி மேலே வரும். பத்து நிமிடம் கழித்துக் கரண்டியை விட்டுத் தூக்கினால் குழம்பு சொட்டாமல் இழுத்துக்கொண்டு விழும். அந்தப் பத்து நிமிடத்தில் தீ நேராகப் படாததால் அடிப்பிடிப்பதும் இல்லை. எவர்சில்வரில் இதே பதத்துக்கு அடுப்பிலேயே சுண்டவிட்டால் மிளகாய்த்தூள் அடியில் கருகிக் கசக்கிறது.

முதல் தடவை சாப்பிட்டுவிட்டு அம்மா, "பதம் வந்துருச்சு. ஆனா அத்தை வெந்தயத்த இன்னும் கொஞ்சம் கருக விடுவாங்க" என்றார். அப்பா, "புளி சரியில்ல" என்றார். அவர் சொன்னதும் சரி. மாசி, பங்குனியில் வரும் புதுப்புளி வெளிறி, சுள்ளென்று புளிக்கும். அப்பாயி உப்புப் போட்டுப் பானையில் அடைத்து, ஒரு வருடம் தாண்டிக் கறுத்த புளியைத்தான் எடுக்கும். பழைய புளிக்கு மாறியதும் அந்தக் குறையும் தீர்ந்தது. வெந்தய விஷயத்தில் அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

வாங்குகிறவர்கள் பொறுமை இழப்பது பழக்குகிற காலத்தில்தான். புதுச் சட்டி சாம்பல் நிறத்தில், தொட்டால் சோப்புக்கட்டி மாதிரி வழுவழுவென்று இருக்கும். மாக்கல்லில் பெரும்பங்கு டால்க்கம் பவுடருக்கு மூலமான தாதுதான். உலகத்திலேயே மிக மென்மையான தாதுக்களில் அது ஒன்று. பேலூர், ஹளேபீடு கோயில்களில் நகை நட்டு வரைக்கும் செதுக்க முடிந்ததற்கு இந்த இனத்தைச் சேர்ந்த மென்கல்தான் காரணம். செதுக்க வசதி என்றால் உடையவும் வசதி. அதனால் நேராக அடுப்பில் ஏற்றக் கூடாது. விளக்கெண்ணெயும் மஞ்சள்தூளும் குழைத்து உள்ளும் புறமும் பூசி ரெண்டு நாள் வைக்க வேண்டும். அப்புறம் தினமும் சாதம் வடித்த கஞ்சியை ஊற்றிவைக்க வேண்டும், முதலில் வெதுவெதுப்பாக, போகப்போகச் சூடாக. ஒரு வாரம், பத்து நாள் ஆனதும் சிறுதீயில் தண்ணீர் கொதிக்கவிட்டு, பிறகு சமையலுக்கு எடுக்கலாம். பிரேசிலில் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்திலும் மாக்கல் பாத்திரத்தில் சமைக்கிறார்கள், அவர்களும் எண்ணெய் தடவிச் சூடேற்றித்தான் பழக்குகிறார்கள். கடைகளில் பழக்கிய சட்டி என்றே தனியாக விற்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். தங்கை அப்படி ஒன்றை ஒரு கடையில் வாங்கினாள். கறுப்புப் பூச்சுக்கு அடியில் விரிசலை ஏதோ மாவால் அடைத்திருந்தார்கள். இரண்டாவது குழம்பிலேயே ஒழுகிவிட்டது. கேட்டதற்குக் கடைக்காரர், நீங்கள் தீயைக் கூட்டி வைத்திருப்பீர்கள் என்றார்.

குழம்புக்கு அப்புறம் இந்தச் சட்டியின் பெருமை கீரை மசியல்தான். முளைக்கீரையை வேகவைத்து அதிலேயே மரமத்தால் கடையலாம். மார்கழிக் குளிரில் தயிர் தோயாத வீடுகளுக்கும் இது உதவும். பாலின் சூட்டைச் சட்டி காப்பாற்றிக்கொடுப்பதால் விடிவதற்குள் கட்டியாக உறைந்துவிடும். ஆனால் குழம்புச் சட்டியில் தயிர் தோய்க்காதீர்கள், காரவாடை போகவே போகாது. மீந்த குழம்பை மறுநாள் சுண்டவைக்க இதைவிட நல்ல பாத்திரம் நான் பார்த்ததில்லை.

ரசத்துக்கு ஆகாது. வைப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு ஒத்துவரவில்லை. ரசம் நுரைகட்டியதும் நிற்க வேண்டும், கல்சட்டிக்கு நிற்கவே தெரியாது. குழம்பைத் தேற்றுகிற அதே பத்து நிமிடம் ரசத்தின் வாசத்தைக் கெடுத்துவிடுகிறது. பால் காய்ச்சவும் வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பில் சூடே ஏறாது. அவசரத்துக்கு எட்டு மணிக்குள் டிபன் பாக்ஸ் கட்ட வேண்டிய காலை வேளையில் இதைத் தொடவே மாட்டேன். குழம்போடு சேர்த்து நாலைந்து கிலோ கனத்தைச் சூட்டோடு இறக்கும்போது மணிக்கட்டு கெஞ்சும். வயதானவர்கள் தனியாகச் சமைக்கிற வீடு என்றால் யோசித்து வாங்குங்கள். எழுபது வயதில் அப்பாயி இதை எப்படித் தூக்கியது என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஒருவேளை தூக்கியே இருக்காது. விறகடுப்பிலிருந்து கட்டையை இழுத்துவிட்டால் போதும், சட்டி இருந்த இடத்திலேயே இருக்கலாமே.

கழுவுவது சுலபம். ஆறிய பிறகு கடலைமாவோ சீயக்காய்த்தூளோ போட்டுத் தேங்காய்நாரால் தேய்த்தால் போதும். பாத்திரம் கழுவும் சோப்பு, கம்பிநார் இரண்டும் ஆகாது, பிடித்துவைத்த எண்ணெய்ப் பதம் போய்விடும். இரும்புக் கரண்டி பட்டால் வெள்ளைக் கோடு விழும், மரக்கரண்டிதான். சூட்டோடு பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கதை முடிந்தது. முதல் சில மாதம் சாம்பலாக இருந்த என் சட்டி இப்போது உள்ளே கறுத்து, எண்ணெய் விடாமலேயே லேசாக மினுக்குகிறது. குழம்பின் ருசி முதல் வருடத்தைவிட இப்போது கூடியிருக்கிறது என்பது என் நாக்கின் கணக்கு. வீட்டுக்காரர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்பாயியின் திதிக்குப் படையல் போடும்போது முன்பெல்லாம் வடை, பாயசம், அப்பளம் என்று எல்லாம் வைத்துவிட்டு வத்தக்குழம்பை மட்டும் விட்டுவிடுவோம். சரியாக வராததைப் படைத்து என்ன செய்ய என்று அம்மாவுக்குத் தயக்கம். இப்போது இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி அதுவும் விழுகிறது. அன்றைக்கு அம்மாதான் வைப்பார், வெந்தயத்தை அவர் இஷ்டத்துக்குக் கருகவிட்டு. அத்தைமார்கள் சாப்பிட்டுவிட்டு அப்பாயியின் சிக்கனத்தையும் கோபத்தையும் பேச ஆரம்பித்தால் பந்தி முடிய மூன்று மணியாகிவிடும். வருகிற கூட்டத்துக்கு என் சட்டி போதாது என்பதால் பெரியதாக இன்னொன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு: விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும், சொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். முடிந்தால் தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் காகிதத்தின் மேல் வைக்கச் சொல்லுங்கள். அடி தடிமனாகவும் வாய் அகலமாகவும் இருக்கட்டும். நாலு பேருக்கு இரண்டு லிட்டர் அளவு போதும். கல்லிலேயே மூடியும் சேர்த்துத் தருவார்கள், அதை வாங்காதீர்கள். கை நழுவினால் மூடியோடு சட்டியும் போகும். ஒரு தட்டு போட்டு மூடினால் போதும்.