வற்புறுத்தி ஊட்டுவதா, பசிக்கு விடுவதா?

"இன்னும் ஒரே ஒரு வாய்" என்று ஊட்டினால் தட்டு காலியாகும். அன்றைய கணக்கு சரி. ஆனால் குழந்தை வாயை மூடி முகத்தைத் திருப்பிய பிறகும் ஊட்ட ஊட்ட, தன் பசியளவை அறியும் திறன் மங்குகிறது. "காய் சாப்பிட்டால்தான் இனிப்பு" என்ற பேரமும் இதே ரகம்தான்: காய் தண்டனையாகிவிடும், இனிப்பு பரிசாகிவிடும்.

மற்ற வழியில் வேலையைப் பிரித்துக்கொள்கிறோம். என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. கேட்டதையெல்லாம் கொடுப்பதல்ல இது. அப்படிக் கொடுத்தால் காய் தட்டுக்கே வராது.

2 முதல் 6 வயதில் புது உணவை மறுப்பது சகஜம். புதுக் காயை ஒரு தேக்கரண்டி மட்டும், பழகிய உணவுக்குப் பக்கத்தில் வையுங்கள். அதையே நீங்களும் சாப்பிடுங்கள், பேச்சு வேண்டாம். பழக 8 முதல் 15 முறைகூட ஆகலாம். நக்கிவிட்டுத் துப்பினாலும் அதுவும் ஒரு முறையாகக் கணக்குதான். பலர் மூன்றாவது முறையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

20-30 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை, அதாவது இரண்டரை மூன்று மணி நேரம், தண்ணீர் மட்டும். சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான்: இடையில் பாலும் பிஸ்கட்டும் உள்ளே போயிருந்தால் பசி எங்கிருந்து வரும்? எடை ஏறாத குழந்தை என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.