சிம் மாத்த கடையில ஐடி குடுக்கிறவங்க வாசிங்க, 87,500 ரூவா போயிடுச்சு

கை இன்னும் நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க.

ஹட்டன் டவுன்ல ஒரு கொமினிகேஷன் கடை, பேர் சொல்லல, எட்டு வருஷமா ரீலோட் போடுறது, போட்டோகொப்பி எடுக்கிறது எல்லாம் அங்கதான். சிம் சரியா புடிக்கலனு போன வாரம் கொண்டு போனேன். புதுசா நின்ன தம்பி சிம்ம கழட்டி ஜெர்சில தேய்ச்சு பாத்துட்டு, "அண்ணே இது பழைய சிம், 4ஜிக்கு மாத்திருவோம், காசு இல்ல, ஐடிய மட்டும் குடுங்க"ன்னான். ரெண்டு பக்கமும் அவனோட சொந்த போன்லதான் படம் புடிச்சான். ஏன்டா ஒன் போன்லனு கேட்டதுக்கு "சிஸ்டத்துல ஏத்தணும்ண்ணே, புது சிம் வந்ததும் கோல் எடுக்கிறேன்"னான், பிளேன்டி வேற ஊத்திக் குடுத்தான். நம்பிட்டேன்.

வியாழக்கிழமை சாயந்தரம் சிக்னல் போச்சு. நம்ம பக்கம் காத்து மழை அடிச்சா கரண்டும் போகும் டவரும் போகும்ல, அப்படித்தான்னு படுத்துட்டேன். காலைல பாத்தா தங்கச்சி போன்ல, அதே நெட்வொர்க், கோடு எல்லாம் ஃபுல்லா காட்டுது. பேங்குக்கு ஓடுனா ராத்திரி மூணு தடவையா 87,500 ரூவா எடுத்திருக்கானுங்க. அம்மா முப்பது வருஷம் கொழுந்து பறிச்ச ஈபிஎஃப் காசுல மிச்சம் அது, எங்க தோட்டத்து லயத்து வீட்டுக் கூரைக்கு தகரம் மாத்த வச்சிருந்தோம்.

பேங்க்ல "ஓடிபி சரியா போட்டிருக்கு, எங்களால ஒண்ணும் செய்ய ஏலாது". சிம் கம்பெனி ஹொட்லைன்ல நாப்பது நிமிஷம் பாட்டு, பெறகு "உங்க ஐடி காட்டித்தான் வேற ஊர்ல சிம் மாத்தியிருக்கு சேர்". கடையில "அந்தப் பையன் வேலைய விட்டு நின்டுட்டான்". பொலிஸ்ல என்ட்ரி மட்டும் எழுதுனாங்க.

எனக்கு வயிறு எரியிறது எதுக்குன்னா, சிம்முக்குள்ள 128 பிட் ரகசிய சாவி இருக்கு, நெட்வொர்க் ஒரு எண் அனுப்பும், சிம் உள்ளேயே கணக்கு போட்டு பதில மட்டும் குடுக்கும், சாவி வெளிய வராது. 2ஜில போன் மட்டும்தான் தன்னை நிரூபிக்கணும், 3ஜில இருந்து நெட்வொர்க்கும் போனுக்கு நிரூபிக்கணும்னு வச்சாங்க. இவ்வளவு யோசிச்சு செஞ்ச பூட்ட என் விஷயத்துல எவனும் உடைக்கல, ஐடி படத்த காட்டி என் நம்பர வேற சிம்ல ஏத்திக்கிட்டான், எனக்கு வர்ற ஓடிபி எல்லாம் அவனுக்குப் போச்சு, அவ்வளவுதான். பாஸ்வேர்ட் மறந்துருச்சுன்னா ஐடி நம்பரும் எஸ்எம்எஸ் ஓடிபியும் போதும்னு பேங்க் விட்டுருது. எஸ்எம்எஸ் ஓடிபிய கைவிடணும்னு அமெரிக்க அரசோட தொழில்நுட்பத் தர நிறுவனம் நிஸ்ட் 2016லேயே வரைவுல எழுதுச்சு. சிம் மாத்தின நம்பர்ல ரெண்டு நாளைக்கு காசு அனுப்ப விடாம நிறுத்தி வச்சா பேங்குக்கு என்ன கொறைஞ்சிடும்? 87,500 ரூவா சார், அம்மா நேத்துல இருந்து சாப்பிடல.

தயவுசெஞ்சு ஐடிய யார் போன்லயும் படம் புடிக்க விடாதீங்க. சிம் மாத்துறதுன்னா கம்பெனியோட சொந்த கிளைக்கே போங்க. சிக்னல் போனா மழைனு விடாம பக்கத்து வீட்டு போன பாருங்க, அதுல இருந்தா அந்த நிமிஷமே வேற போன்ல இருந்து பேங்குக்கு அடிச்சு அக்கவுன்ட நிறுத்துங்க. இன்னும் எழுதணும், முடியல, நாளைக்கு முத பஸ்ல திரும்பவும் பேங்குக்கு போறேன்.