லாகின் பிழையைச் சரிசெய்யப் போய் 14,500 ரூபாய் போச்சு: தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பவர்கள் அவசியம் படியுங்கள்

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். நவராத்திரி நெருங்குகிறது. என்னைப் போல வீட்டிலிருந்தே கொலு பொம்மை, தலையாட்டி பொம்மை விற்பவர்கள் பலர் இந்தச் சமயத்தில் போனை நம்பித்தான் இருக்கிறோம். அவர்களில் ஒருவராவது அந்தக் கடை வாசலில் போய் நிற்காமல் இருந்தால் போதும். என் 14,500 ரூபாய் போய்விட்டது. அதைவிடப் பெரியது, வருடக்கணக்காகச் சேர்த்த வாடிக்கையாளர்கள் இருந்த என் பக்கம் போய்விட்டது.

எந்தச் செயலி, எந்தக் கடை என்று பெயர் சொல்லவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. படம் போட்டு ஆர்டர் எடுக்கிற சமூக ஊடகச் செயலி. கடை, பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு செல்போன் சர்வீஸ் கடை. அவ்வளவு போதும்.

நடந்தது இதுதான். செயலி அப்டேட் ஆனதும் கணக்கிலிருந்து தானாக வெளியே தள்ளிவிட்டது. மறுபடி உள்ளே போகப் பார்த்தால் கடவுச்சொல்லை ஏற்றுக்கொள்கிறது, அடுத்து கேட்கிற ஆறு இலக்கக் குறியீட்டைப் போட்டால் தவறு என்கிறது. திரும்பத் திரும்பப் போட்டதில் ‘இணைப்பில் பிழை, சிறிது நேரம் கழித்து முயலவும்’ என்று நின்றுவிட்டது. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பார்த்தேன், கேஷை அழித்துப் பார்த்தேன், போனை அணைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்குச் சென்னைக்கு இரண்டு செட் தசாவதாரம் அனுப்ப வேண்டும், முகவரி அந்தச் செயலியின் உள்பெட்டியில்தான் இருக்கிறது. திரையைப் படம் பிடித்து அக்கா மகளுக்கு அனுப்பிவிட்டு, அவள் கல்லூரியில் இருந்ததால் பதிலுக்குக் காத்திருக்காமல் கடைக்குப் போனேன்.

அந்தப் பையன் பேசிய விதம் இருக்கிறதே! “வாங்கக்கா, உக்காருங்கக்கா” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார், டீ சொன்னார். பொம்மை விற்கிறேன் என்றதும் “எங்க அம்மாவும் வருஷா வருஷம் கொலு வைப்பாங்கக்கா, இந்த வருஷம் மரப்பாச்சி உங்ககிட்டயே வாங்கிக்கறேன்” என்றார். போனை நாலு தட்டு தட்டிவிட்டு, “சாஃப்ட்வேர் போயிருக்கு, ஃபிளாஷ் பண்ணணும். 2,500 ஆகும்” என்றார். ஃபிளாஷ் என்றால் போனின் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது. படம், நம்பர் எல்லாம் அழிந்துவிடுமா என்று நான் தெளிவாகக் கேட்டேன். “ஒண்ணும் போகாதுக்கா. நம்ம ஊர் ஆளு நீங்க, உங்க பொழப்புல கை வைப்பனா?” இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஒரு மணி நேரம் கழித்து போன் கைக்கு வந்தபோது புதுப் போன் மாதிரி வெறுமையாக இருந்தது. படம் ஒன்றுகூட இல்லை. காகிதக்கூழில் அச்சு எடுத்ததிலிருந்து கண் எழுதியது வரைக்கும் ஒவ்வொரு பொம்மைக்கும் எடுத்து வைத்திருந்த படங்கள் போயின. இதைவிடப் பெரிய அடி, குறியீடு தருகிற அங்கீகாரச் செயலியும் அதோடு அழிந்தது. அவசரத்துக்கு வைத்திருந்த மாற்றுக் குறியீடுகளும் கேலரியில்தான் இருந்தன. அதாவது முதலில் கதவுதான் திறக்கவில்லை, இவர் கை வைத்த பிறகு சாவியே இல்லாமல் போனது.

அதற்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. “சென்னையில நமக்கு ஒரு அண்ணன் இருக்கார்க்கா, அக்கவுண்ட் ரெக்கவரி அவர்தான் பண்ணுவார், 12,000 கொடுத்தா சாயந்திரத்துக்குள்ள வந்துரும்.” கடையிலேயே ஸ்பீக்கரில் போட்டுப் பேச வைத்தார். அந்த ஆள் செயலிக் கம்பெனியின் உள்ளேயே தெரிந்தவர்கள் இருப்பதாகச் சொன்னார். 12,000 அனுப்பினேன். என் மின்னஞ்சலுக்கு ஓர் எண்ணும் ஓர் இணைப்பும் வந்தன. கடைக்காரரே என் போனைக் கையில் வாங்கி, எண்ணைப் படித்துச் சொல்லி, இணைப்பை அந்த ஆளுக்கு அனுப்பினார். 2,500-ம் 12,000-மும் சேர்த்து 14,500.

சாயந்திரம் வரவேண்டிய கணக்கு வரவில்லை. அதில் இருந்த மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் மாற்றப்பட்டுவிட்டன. அடுத்த நாளே என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டு, “முன்பணம் 3,000 அனுப்பிட்டேன், செட்டியார் ஜோடி எப்ப வரும்?” என்று கேட்கிறார். என் பெயரில், என் பொம்மைப் படத்தைக் காட்டி, யாரோ காசு கேட்டிருக்கிறார்கள். அவருக்கு நான் என் கைக்காசில் ஜோடியை அனுப்பிவிட்டேன். அவர் என் பெயரைப் பார்த்துத்தானே கொடுத்தார்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. “சர்வர் டவுன்க்கா.” “அண்ணன் ஊர்ல இல்லக்கா.” “நாளைக்குக் காலைல வாங்க.” நாளைக்குப் போனால் கடையில் வேறு பையன், அவனுக்கு ஒன்றும் தெரியாது. கடைசியாக நான் போனபோது அவர் யாருடைய போனுக்கோ டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். தூசியைத் துணியால் துடைப்பதும், ஊதுவதும், விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்துவதுமாகவே இருந்தார், தலையை நிமிர்த்தவே இல்லை. “அந்த ஆளை எனக்குத் தெரியாது. பணம் நீங்கதானே அனுப்புனீங்க?” ஸ்டூல் இழுத்துப் போட்ட அதே வாய். 2,500-க்குப் பில் கேட்டேன். “சர்வீசுக்குப் பில் கிடையாது.” 14,500 ரூபாய் என்பது எத்தனை பொம்மைக்குக் கண் எழுதினால் வரும் என்று அவர் அம்மாவைக் கேட்டால் தெரிந்திருக்கும்.

இப்போது வயிறு எரிகிற விஷயத்துக்கு வருகிறேன். போனில் உண்மையில் ஒரு கோளாறும் இல்லை. அக்கா மகள் இரவு வந்து நான் அனுப்பிய திரைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நான் அனுப்பியது காலை 10.40-க்கு. படத்தின் மேல் மூலையில் கடிகாரம் 3.40 காட்டுகிறது. வீட்டுப் பொடியன் போன் விளையாட்டில் தீர்ந்துபோன உயிர் சீக்கிரம் நிரம்பட்டும் என்று நேரத்தை ஐந்து மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்கிறான். அங்கீகாரச் செயலி தருகிற அந்த ஆறு இலக்கம் போனின் கடிகாரத்தை வைத்துக் கணக்கிடுவது, பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். கடிகாரம் தப்பென்றால் குறியீடும் தப்பு. அமைப்புகளில் போய் ‘தானியங்கி தேதி, நேரம்’ என்பதை இயக்கினால் சரியாகியிருக்கும். காசு ஒரு பைசா ஆகாது. தினமும் நூறு போன் பார்க்கிற சர்வீஸ்காரருக்கு முதலில் கண் போகவேண்டிய இடம் அது. பார்த்தும் சொல்லாமல் விட்டாரா என்பதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

செயலிப் பக்கமே கோளாறாக இருந்தாலும் இப்படித்தான் பிடுங்குவார்கள். 2024 மார்ச் 5 அன்று ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் உலகம் முழுக்க இரண்டு மணி நேரம் போல முடங்கி, ஏராளமானவர்களைத் தானாக வெளியே தள்ளின. பிறகு தானாகவே சரியாயின. அன்றைக்கு இந்த மாதிரிக் கடைகளில் எத்தனை போனை ஃபிளாஷ் செய்து காசு வாங்கியிருப்பார்கள்!

சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். பணப் பரிமாற்ற எண்ணைக் கேட்டார்கள், கொடுத்தேன். பணம் போன உடனே கூப்பிட்டால்தான் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம், அதனால் கடைக்காரரின் ‘நாளைக்கு வாங்க’வுக்குக் காத்திருக்காதீர்கள். பில் தராத கடையைப் பற்றி 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லியிருக்கிறேன். செயலியின் உதவிப் பக்கம் என் முகத்தை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது. பக்கத்தில் இருந்ததெல்லாம் பொம்மைப் படங்கள்தான், என் முகம் ஒன்றில்கூட இல்லை, ஒப்பிட முடியவில்லை என்று வந்துவிட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. லாகின் ஆகவில்லையா, முதலில் தேதி நேரத்தைப் பாருங்கள். மற்றவர்களுக்கும் அதே பிழை வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் சும்மா இருங்கள். ஃபிளாஷ் என்ற சொல்லை எடுத்தாலே போனை வாங்கிக்கொண்டு எழுந்து வாருங்கள். மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள். காசு வாங்கிக்கொண்டு கணக்கை மீட்டுத் தருகிறேன் என்பவன் எவனாக இருந்தாலும் திருடன்.

அப்புறம், என் பழைய பக்கத்திலிருந்து முன்பணம் கேட்டு யாருக்காவது செய்தி வந்தால் அது நான் இல்லை. அனுப்பாதீர்கள், அந்தப் பக்கத்தை உடனே ரிப்போர்ட் செய்யுங்கள். ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தவர்கள் என் பழைய தொலைபேசி எண்ணிலேயே கூப்பிடுங்கள், உங்கள் பொம்மைகள் தயாராக இருக்கின்றன. முகவரி மட்டும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.