பென்டிரைவா, விர்ச்சுவல்பாக்ஸா, டபிள்யூஎஸ்எல்லா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பை வைத்திருப்பவர்கள் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். இருப்பது போய்விடுமோ என்பதுதான் தயக்கம். போகாமல் பார்க்க வழிகள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் காட்டுவது வேறு.

என் ஓட்டு முதலில் பென்டிரைவுக்கு. 8 ஜிபி போதும். அதிலுள்ளது எல்லாம் அழிந்துவிடும் என்பதால் கல்யாண போட்டோ வைத்த பென்டிரைவை எடுக்காதீர்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு பென்டிரைவில் எழுதி, கணினியை அணைத்துப் போடும்போது எஃப்12 தட்டினால் (ஹெச்பி என்றால் பெரும்பாலும் எஃப்9) எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் முழு டெஸ்க்டாப்பும் பென்டிரைவையும் ராமையும் வைத்தே ஓடும். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பாடுகிறதா, டச்பேடில் இரண்டு விரல் வைத்தால் பக்கம் நகர்கிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். பிராட்காம் வைஃபை சிப் உள்ள லேப்டாப்புகளில் முதல் கேள்வியே சிக்கலாகலாம். அதை நிறுவும் முன்பே தெரிந்துகொள்வது எவ்வளவு நல்லது! தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துத் தட்டிப் பாருங்கள்.

குறை, வேகம். யுஎஸ்பி 2.0 பென்டிரைவில் ஃபயர்பாக்ஸ் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். இதை வைத்து லினக்ஸே மெதுவானது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அணைத்தால் செய்த மாற்றங்களும் மறைந்துவிடும். டெஸ்க்டாப்பில் 'நிறுவு' என்றொரு ஐகான் இருக்கும், அதை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஜன்னலில் லினக்ஸை ஓட்டும். ராம் 8 ஜிபியாவது வேண்டும். 4 ஜிபியில் இரண்டுமே திணறும். ஸ்னாப்ஷாட், அதாவது அப்போதைய நிலையை அப்படியே சேமித்து வைப்பதுதான் இதன் பலம்: ஒன்றை எடுத்து வைத்துவிட்டு உள்ளே எதை வேண்டுமானாலும் உடைக்கலாம், பழைய நிலைக்கு ஒரே நிமிடத்தில் திரும்பலாம். கட்டளைகள் பழக இதைவிடத் தோதான இடம் இல்லை. ஆனால் உள்ளிருக்கும் லினக்ஸுக்குத் தெரிவது போலி நெட்வொர்க் கார்டும் போலி கிராபிக்ஸும்தான். உங்கள் லேப்டாப்புக்கு லினக்ஸ் ஒத்துவருமா என்பதற்கு இதில் பதில் கிடையாது.

டபிள்யூஎஸ்எல், அதாவது விண்டோஸுக்குள் லினக்ஸ் கட்டளைகளை ஓட்ட மைக்ரோசாஃப்ட்டே தரும் வசதி, நிரல் எழுதுபவர்களுக்கானது. விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் ஒரே கட்டளையில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை வந்து நிற்கும், ஆனால் டெஸ்க்டாப் வராது. லினக்ஸ் எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தவருக்குக் கறுப்புத் திரையைக் காட்டி அனுப்பிய கதையாகும். பாதுகாப்பானது என்று பெயரெடுத்த இதில்தான் ஒரு கண்ணி இருக்கிறது: உங்கள் சி டிரைவ் உள்ளே எம்என்டி (/mnt) ஃபோல்டரின் கீழ் திறந்தே கிடக்கும். அங்கே போய் அழித்தால் அழிவது விண்டோஸில் இருக்கும் அசல் கோப்பு, அது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது.

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து நிறுவும் டூயல் பூட்டையும் சிலர் 'சும்மா முயன்று பார்க்கலாம்' என்ற பட்டியலில் சேர்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதியை (பார்ட்டிஷன்) சுருக்க வேண்டும், அதற்கு முன் பேக்கப் வேண்டும். கணினி தொடங்கும்போது சரிபார்க்கும் செக்யூர் பூட்டை அணைத்தால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கலாம், அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லை என்று லினக்ஸ் பார்ட்டிஷனை மட்டும் அழித்தால், அடுத்த முறை போடும்போது விண்டோஸுக்குப் பதில், லினக்ஸைத் தொடங்கி வைக்கும் நிரலான க்ரப்பின் கட்டளைத் திரை வந்து நிற்கவும் கூடும். பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரை) பூட் வரிசையை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.