பதினேழு பார்ட்டா, மூன்று ஹோர்னா?

ரொக், ஃபங்க், ஃபியூஷன் பாட்டொன்றை ஜாஸ் குழுவுக்கு எடுக்க இரண்டு வழி. அச்சான பிக் பாண்ட் (பெரிய ஜாஸ் குழு) அரேஞ்ச்மென்டை, அதாவது வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதிய இசைத்தாளை, வாங்கலாம். இல்லையென்றால் ரிதம் செக்ஷனுக்கு (கீபோர்டு, கிட்டார், பேஸ், ட்ரம்ஸ்) மேலே ட்ரம்பெட், அல்டோ சாக்ஸ், ட்ரொம்போன் என மூன்று ஹோர்னுக்கு (ஊதும் வாத்தியத்துக்கு) நாமே எழுதலாம். மட்டக்களப்பில் ஆள் சேர்த்து வாசிப்பதென்றால் நான் இரண்டாவதன் பக்கம்.

அச்சுப் பிரதியின் நன்மை எல்லோருக்கும் தெரியும்: தேர்ந்த கை எழுதியது, பாட்டை மாற்றி எழுத அனுமதி தேடி அலையத் தேவையில்லை, முழக்கமும் பெரிது. ஆனால் சாக்ஸ் ஐந்து, ட்ரம்பெட் நான்கு, ட்ரொம்போன் நான்கு, ரிதம் நான்கு என்று 17 பேர் வேண்டும், ஆளுக்கொரு பார்ட் (தனித்தாள்). உயர்தரப் பரீட்சை நெருங்கினால் பள்ளிக்கூட பாண்ட் பிள்ளைகளில் பாதிப்பேர் வரமாட்டார்கள். இரண்டாம் டெனர் சாக்ஸ் வராத நாளில் கோர்டின் (சேர்ந்தொலிக்கும் சுரங்களின்) மூன்றாம் சுரமே காணாமல் போகலாம். யாருடைய சுரத்தை யாருக்குக் கொடுப்பது என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் தாள்களை விரித்துவைத்துத் திருத்த வேண்டும். என் தெரிவைத் தீர்மானித்தது இந்தத் திருத்தல் வேலைதான்.

ஹெர்பி ஹான்கொக்கின் 1973ஆம் ஆண்டு 'கமீலியன்' நல்ல உதாரணம். பி ஃப்ளாட் மைனர் 7, ஈ ஃப்ளாட் 7 என்ற இரண்டு கோர்டில்தான் அதன் முதற்பகுதி சுழலும். ரூட்டை (கோர்டின் அடிச்சுரத்தை) பேஸ் பார்த்துக்கொள்ளும். ஹோர்னுக்குக் கீழிருந்து மேலாக: ட்ரொம்போன் டி ஃப்ளாட், அல்டோ ஏ ஃப்ளாட், ட்ரம்பெட் சி. அடுத்த கோர்டுக்கு அல்டோ மட்டும் அரைச்சுரம் இறங்கி ஜி-க்கு வந்தால் போதும். டி ஃப்ளாட் அங்கே ஏழாம் சுரமாகவும் சி பதின்மூன்றாம் சுரமாகவும் அப்படியே நிற்கும். அல்டோ, ட்ரம்பெட் தாள்களில் சுரத்தைக் கேட்பதிலிருந்து மாற்றித்தான் எழுத வேண்டும்; அல்டோவின் ஏ ஃப்ளாட், ஜி அதன் தாளில் எஃப், ஈ என்று வரும்.

ட்ரொம்போன் வராவிட்டால் யூஃபோனியம் அதே தாளை வாசிக்கும். ட்ரம்பெட் வராவிட்டால் பி ஃப்ளாட் கிளாரினெட் அதே தாளை எடுக்கலாம். சத்தம் மெலிவு, மைக்கைக் கிட்ட வையுங்கள். அல்டோ வராவிட்டால் அந்த ஏ ஃப்ளாட்–ஜி நகர்வைக் கீபோர்டுக்குக் கொடுங்கள், அதை விட்டால் ஹோர்ன்களில் கோர்டு மாறியதே கேட்காது.

கிட்டார்க்காரர் ஈ கீயில் வாசிக்கும் ரொக் பாட்டுத்தான் அதிகம் சறுக்கும். அப்படியே எழுதினால் ட்ரம்பெட்டுக்கு ஆறு ஷார்ப், அல்டோவுக்கு ஏழு. ஈ ஃப்ளாட்டுக்கு இறக்கினால் ட்ரம்பெட்டுக்கு ஒரு ஃப்ளாட், அல்டோவுக்கு ஒன்றுமில்லை. கிட்டார் ஆறு தந்தியையும் அரைச்சுரம் தளர்த்தினால் விரல் பழைய இடத்திலேயே ஓடும்.

ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டை) மூன்று ஹோர்னும் பாட்டு முழுக்க ஒன்றாக ஊதவும் கூடாது. 16 பார் (தாளச் சுற்று) ஊதினால் ட்ரம்பெட்டுக்கு எட்டு பார் ஓய்வு கொடுங்கள், உதடு தாங்காது. ஃபங்க்கில் சுரத்தின் நீளத்தையும் குறிக்க வேண்டும்: வெட்டிவிடும் சுரத்துக்குப் புள்ளியோ கூரைக்குறியோ போடாவிட்டால் மூவரும் மூன்று இடத்தில் நிறுத்துவார்கள். தலைப்பில் 'ஸ்விங் இல்லை, நேர் பதினாறு' என்று எழுதுங்கள்: ஒவ்வொரு பீட்டின் நான்கு பகுதியும் சமமாக விழ வேண்டும், ஜாஸின் ஆட்டநடை வேண்டாம். பைலாவின் ஆறு-எட்டுத் தாளத்தில் ஊறிய ட்ரம்ஸ் கைக்கும் ஹை-ஹாட்டில் (காலால் மூடும் இரட்டைத் தட்டில்) நேர் பதினாறைத் தனியாகப் பழக்க வேண்டியிருக்கும்.

நான்கு ஹோர்னுக்கு மேல் நான் எழுதியது குறைவு. வெதர் ரிப்போர்ட்டின் 'பேர்ட்லாண்ட்' (1977) போல அடுக்கடுக்காக ஏறும் பாட்டு மூன்று ஹோர்னில் மெலிந்துதான் கேட்கும். அதற்கு அச்சுப் பிரதியையே வாங்குவேன், ஐந்து சாக்ஸும் ஒழுங்காக ஒத்திகைக்கு வரத் தொடங்கிய பிறகு.