போராங் 14 பிடித்த கைக்கு 34ஏ எப்படி இருக்கிறது?

தேர்தல் இரவில் மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணத்துக்கு முடிவு முதலில் டிவியில் வருவதில்லை. தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் சீட்டை எண்ணி முடித்து, போராங் 14இல் (எண்ணிக்கை முடிவுப் படிவம்) கையெழுத்து விழுந்து, இஜென் (கட்சி முகவர்) அதைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் வந்துவிடுகிறது. அந்தப் படத்தைக் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று தேர்தல் ஆணையமே ஓர் இணையதளத்தைத் திறந்து வைத்தால் எப்படி இருக்கும்? கென்யாவில் 2022 ஆகஸ்ட் 9ஆம் தேதி நடந்த அதிபர் தேர்தலுக்கு அப்படித்தான் வைத்தார்கள். 46,229 வாக்குச் சாவடிகள், ஒவ்வொன்றின் முடிவுப் படிவமும் (அங்கே அதன் பெயர் 34ஏ) பொதுமக்கள் பார்வைக்கு. இங்கே இஜென் வகுப்பு எடுப்பவர்கள் அந்தச் சேவையை எப்படி எடைபோட வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம். குறை நிறையவே சொல்வோம். ஆனாலும் இந்த வகையில் இதைவிட நல்ல சேவையை நாங்கள் பார்த்ததில்லை. ஐந்துக்கு மூன்றரை.

இப்படி ஒன்று அங்கே ஏன் தேவைப்பட்டது என்றால் 2007க்குப் போக வேண்டும். டிசம்பர் 27ஆம் தேதி அப்போதைய அதிபர் ம்வாய் கிபாக்கிக்கும் ரைலா ஒடிங்காவுக்கும் போட்டி. எண்ண எண்ண ஒடிங்கா முன்னால் போய்க்கொண்டிருந்தார். கடைசியில் கிபாக்கிக்கு 45,84,721, ஒடிங்காவுக்கு 43,52,993 என்று 30ஆம் தேதி அறிவித்து, அன்று மாலையே கிபாக்கிக்குப் பதவிப் பிரமாணமும் செய்து வைத்தார்கள். சாவடியில் எழுதிய எண்ணும் நைரோபியில் வாசித்த எண்ணும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்க்க ஊருக்கு வழியில்லை. யார் ஜெயித்தார் என்று தனக்கே தெரியாது என ஆணையத் தலைவர் சாமுவேல் கிவுய்ட்டு சில நாளில் சொன்னார். கிபாக்கி கிகுயு இனத்தவர், ஒடிங்கா லுவோ. ஒடிங்கா பக்கம் அப்போது கலென்ஜின் இனத்தவரும் பெருவாரியாக நின்றார்கள். ஆகவே எண்ணில் எழுந்த சந்தேகம் இனச் சண்டையாக இறங்கியது. 1,100க்கு மேற்பட்டோர் செத்தார்கள். லட்சக்கணக்கானோர் வீடு விட்டு ஓடினார்கள். எல்டோரெட் பக்கம் கியம்பாவில் கிகுயு குடும்பங்கள் ஒளிந்திருந்த தேவாலயம் 2008 ஜனவரி 1ஆம் தேதி எரிக்கப்பட்டது. ஐ.நா. முன்னாள் தலைமைச் செயலாளர் கோஃபி அன்னான் வந்து பிப்ரவரி 28ஆம் தேதி ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. பிறகு ஆராய்ந்த கிரிக்லர் ஆணையம், கணக்கு மொத்தமும் கெட்டுப்போனதால் உண்மையான வெற்றியாளரைச் சொல்லவே முடியாது என்றது.

இனி தளத்துக்கு வருவோம். கவுன்ட்டி, தொகுதி, வார்டு, மையம், சாவடி என்று படிப்படியாக இறங்க வேண்டும். நம் கணக்கில் மாநிலம், நாடாளுமன்றம், சட்டமன்றம், மையம், சாலுரான் என்று வைத்துக்கொள்ளலாம். 47 கவுன்ட்டி, 290 தொகுதி. ஒரு சாவடியில் அதிகபட்சம் 700 வாக்காளர்கள். சாவடியைத் தொட்டால் 34ஏவின் படம் கோப்பாக இறங்கும். தொகுதிக் கூட்டல் 34பி. நாட்டுக் கூட்டல் 34சி. அது நைரோபியின் பொமாஸ் மண்டபத்தில் போடப்படுவது.

படத்தில் எங்கே பார்ப்பது? மேலே சாவடிப் பெயர், எண், பதிந்த வாக்காளர் தொகை. நடுவில் வேட்பாளருக்கு விழுந்தது, செல்லாதது, ஆட்சேபம் எழுந்தது, தகராறில் இருப்பது, செல்லும் வாக்கு மொத்தம். கீழே சாவடித் தலைவரின் கையெழுத்து, இஜென்களின் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. கையெழுத்துப் போட மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். மறுத்ததனால் மட்டும் முடிவு செல்லாமல் போகாது. இந்தக் கீழ்ப்பகுதியை எல்லாரும் தாண்டிப் போய்விடுவார்கள். தளத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது, பிறகு வருவோம்.

தளத்தின் பெரிய பலம், வழியில் எண் மாறினால் அகப்பட்டுக்கொள்ளும். சாவடித் தலைவர் ஒரிஜினல் படிவத்தைக் கியெம்ஸ் கருவியில் (வாக்காளரைக் கைரேகையில் அடையாளம் காணும் கைக்கருவி) படமெடுத்து அனுப்பிவிடுகிறார். அதே தாள் பிறகு கையோடு பொமாஸுக்குப் போகிறது. அங்கே தாளையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்சி இஜென்கள் பார்த்தார்கள். 2022இல் மறுநாளுக்குள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏறிவிட்டது. வழக்கு வந்தபோது உச்ச நீதிமன்றத்துக்கும் வேலை சுலபமாயிற்று: தளத்துப் படம், ஒரிஜினல் தாள், இஜென் வைத்திருந்த நகல் மூன்றையும் ஒப்பிட்டார்கள், சில சாவடிகளின் பெட்டியைத் திறந்து எண்ணவும் வைத்தார்கள். முடிவை மாற்றும் அளவுக்கு எதுவும் இல்லை என்று செப்டம்பர் 5ஆம் தேதி ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

இதே ஆணையம் ஐந்து ஆண்டுக்கு முன்னால் விற்ற சரக்கு வேறு ரகம். 2017இல் கருவியிலிருந்து எண்ணும் படமும் சேர்ந்து வர வேண்டும். எண் மட்டும் சரசரவென்று திரையில் ஓடியது, படத்தைக் காணோம். 3ஜி எட்டாத சாவடிகளே 11,000க்கு மேல். ஆகஸ்ட் 11ஆம் தேதி உஹுரு கென்யாட்டா வென்றதாக அறிவித்தபோது ஆயிரக்கணக்கான 34ஏ கைக்கு வந்து சேரவில்லை. நீதிமன்றம் சர்வரைத் திறந்து காட்டச் சொன்னது. ஆணையம் முழுதாகக் காட்டவில்லை. மேல்மட்டப் படிவங்கள் சிலவற்றில் நீர்முத்திரையோ வரிசை எண்ணோ கிடையாது. தலைமை நீதிபதி டேவிட் மராகா தலைமையில் நால்வர், இருவர் மறுக்க, செப்டம்பர் 1ஆம் தேதி தேர்தலையே ரத்து செய்தார்கள். பதவியில் இருக்கும் அதிபரின் வெற்றியை ஆப்பிரிக்காவில் ஒரு நீதிமன்றம் தள்ளியது அதுதான் முதல் தடவை. அக்டோபர் 26ஆம் தேதி மறுதேர்தலை ஒடிங்கா புறக்கணிக்க, கென்யாட்டாவுக்கு 98 விழுக்காடு. அது தேர்தல் இல்லை, வருகைப் பதிவேடு.

அந்த அடியில் கற்ற பாடத்தால் 2022இல் எண்ணை அனுப்புவதையே நிறுத்தி, படம் மட்டும் என்று வைத்தார்கள். நல்ல முடிவுதான். ஆனால் பக்க விளைவு வந்தது. கூட்டல் போட்டுத் தர யாருமில்லை. தொலைக்காட்சி நிலையங்கள் ஆளை உட்கார வைத்துப் படத்தைப் பார்த்துத் தட்டெழுதின. ஆளுக்கொரு கவுன்ட்டியில் தொடங்கியதால் ஒரு சேனலில் வில்லியம் ரூட்டோ முன்னே, இன்னொன்றில் ஒடிங்கா முன்னே. இரண்டுமே அந்த நேரத்துக்குச் சரியான கணக்குத்தான்! பார்த்தவனுக்கு அப்படித் தெரியுமா? சில நாளில் சேனல்கள் கைவலித்து மெல்ல விலகிக்கொண்டன. படத்தோடு ஒரு கூட்டல் அட்டவணையும் கொடுத்து, இது தற்காலிகம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் பாதி வதந்தி குறைந்திருக்கும். அரைப் புள்ளி இங்கே போயிற்று.

கூட்டல் என்றதும் 0.01 விழுக்காட்டுக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ரூட்டோ 71,76,141, ஒடிங்கா 69,42,930, வஜக்கோயா 61,969, வைஹிகா 31,987. விழுக்காடு 50.49, 48.85, 0.44, 0.23. கூட்டினால் 100.01. ஆணையத்தின் ஏழு பேரில் தலைவர் வஃபுலா செபுகாட்டியை எதிர்த்து வெளியே வந்த நால்வர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மிச்சம் 1,42,000 வாக்குக்குச் சமம் என்று அவர்கள் சார்பில் ஜூலியானா செரேரா சொன்னார். தாளில் போட்டுப் பாருங்கள். செல்லும் வாக்கு மொத்தம் 1,42,13,027. அதில் 0.01 விழுக்காடு 1,421. அதுவும் இல்லாத வாக்கு. இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கும்போது வரும் துளி. நான்கு பேரின் வாக்கையும் நேராகக் கூட்டினால் மொத்தம் கச்சிதமாக நிற்கிறது. இஜென் வகுப்பில் முதல் நாள் சொல்ல வேண்டியது இதுதான்: விழுக்காட்டைக் கூட்டாதே, சீட்டைக் கூட்டு.

இனி உண்மையான ஓட்டை. படம் எடுத்த பிறகு நடக்கும் தில்லுமுல்லைத்தான் தளம் பிடிக்கும். படம் எடுக்குமுன் நடந்தது அதன் கண்ணுக்குப் படாது. ஒரே கட்சி கோலோச்சும் இடத்தில் எதிர்க்கட்சி இஜென் உட்காரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வராதவர்கள் பேரில் நாற்பது சீட்டைப் பெட்டியில் போட்டு, அதையும் ஒழுங்காக எண்ணி, அழகான கையெழுத்தில் 34ஏ எழுதி, நேராகப் பிடித்துப் படமெடுத்து அனுப்பினால், தளத்திலேயே அதுதான் மிகத் தெளிவான படமாக இருக்கும். கியெம்ஸ் கருவி எத்தனை பேரைக் கைரேகையில் அடையாளம் கண்டது என்ற எண் 34ஏவில் கிடையாது. ரேகை விழாதவரை அனுமதித்த கணக்குப் படிவம் 32ஏவில் தனியே கிடக்கிறது. அந்த இரண்டும் 34ஏ பக்கத்தில் இல்லாமல், விழுந்த சீட்டும் வந்த ஆளும் ஒன்றா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நம் வகுப்பறையில் கெராணி பெயர் வாசிக்க வாசிக்க இஜென் பட்டியலில் கோடு போடுகிறாரே, அந்தக் கோட்டுக் கணக்கு இல்லாத போராங் 14 மாதிரிதான்.

கென்யாவின் இன அரசியலில் இது சின்ன விஷயமில்லை. நியேரியில் கிகுயு, சியாயாவில் லுவோ, எல்டோரெட் சுற்றி கலென்ஜின் என்று கோட்டைகள் உண்டு. கோட்டைக்குள் எதிராளிக்கு உள்ளூர் இஜென் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் அவர் அக்கம்பக்கத்தை விட்டு எங்கே போவார்? வெளியூர் ஆளைக் கொண்டு வந்தால் பேச்சு வழக்கே காட்டிக் கொடுத்துவிடும். வெல்ல ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் வேண்டும், 24 கவுன்ட்டியில் கால்வாசி வாக்கும் வேண்டும் என்று 2010 அரசியல் சட்டம் வைத்ததே, ஒரே இனத்தை வைத்து யாரும் வரக்கூடாது என்றுதான். அப்படியும் இதுவரை வந்த ஐந்து அதிபர்களும் கிகுயு அல்லது கலென்ஜின்.

ஆனால் தளத்தை நுணுக்கமாகப் படித்தால், இனம் சொன்னபடிதான் எல்லாரும் குத்துகிறார்கள் என்ற பேச்சு கொஞ்சம் ஆட்டம் காணும். 2022இல் கிகுயு இனத்தவரான அதிபர் கென்யாட்டா ஒடிங்காவுக்கு ஆதரவு. ஒடிங்காவின் துணை வேட்பாளர் மார்த்தா கருவாவும் கென்யா மலைப் பகுதிக்காரர். இருந்தும் அந்த மலையடிவாரச் சாவடிகள் பெரும்பாலும் கலென்ஜினான ரூட்டோவுக்குப் போயின. ரூட்டோவும் அங்கிருந்தே ரிகாத்தி கச்சாகுவாவைத் துணைக்கு வைத்திருந்தார். உழைத்துச் சாப்பிடுகிறவன் ஒரு பக்கம், அரசியல் பரம்பரை ஒரு பக்கம் என்ற அவருடைய பேச்சும் எடுபட்டது. இனத் தலைவர் கையைக் காட்டியதும் மொத்த வாக்கும் திரும்பும் என்று நினைப்பவர்கள், இங்கேயும் 2008இல் சுங்கை சிப்புட்டில் ம.இ.கா. தலைவர் சாமிவேலு தோற்றதை யோசிக்கலாம். (போகிற போக்கில்: இந்திய வம்சாவளியினரைக் கென்யா 2017இல் தன் 44ஆவது இனமாக அறிவித்தது.)

இந்த நுணுக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. 700 பேர் சாவடி என்பது கிட்டத்தட்ட ஒரு கிராமம். நக்குரு போல இனங்கள் கலந்து வாழும் இடத்தில், எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது உலகத்துக்கே தெரிகிறது. 2008இல் வீட்டைக் கொளுத்தியவனுக்கு இப்படி ஒரு பட்டியல் தேவைப்படவில்லைதான். ஆனாலும் அதைக் கையில் கொடுக்கிறோம் என்ற உறுத்தல் எங்களுக்கு உண்டு. நம் சாலுரான் வயது வாரியாகப் பிரிவதால் தோட்டத்தில் கிழவர்கள் எந்தப் பக்கம், பையன்கள் எந்தப் பக்கம் என்பதுகூட மறுநாளே தெரிந்துவிடுகிறது. மண்டோர்கள் (தோட்ட மேற்பார்வையாளர்கள்) அதைக் கவனிப்பதில்லை என்று நினைக்கிறீர்களா?

பக்கத்துக் கடைகளையும் ஒரு பார்வை. நைஜீரியாவும் இதே சேவையை வாக்களித்துத் திறந்தது. 2023 பிப்ரவரி 25ஆம் தேதி அதிபர் தேர்தல் படிவங்கள் சொன்னபடி நேரத்துக்கு ஏறவில்லை. வாக்குறுதி தராமலே இருந்திருக்கலாம். மலாவியில் 2019 தேர்தல் தாள்களில் வெள்ளைத் திருத்த மை பூசி எண் மாற்றியிருந்தார்கள். 2020 பிப்ரவரி 3ஆம் தேதி நீதிமன்றம் ரத்து செய்தது. மை பூசியது படத்தில் தெரியாமல் போகலாம், தாளைத் தடவினால் தெரியும். ஒரிஜினல் தாளைப் பத்திரமாக வைப்பது அதனால்தான். நம்மிடம் 15ஆவது பொதுத் தேர்தல் வரை எஸ்பிஆர் (நம் தேர்தல் ஆணையம்) பொதுமக்களுக்கு இப்படிப் படம் காட்டும் தளம் வைக்கவில்லை. வேகத்திலும் பின்னால்தான். கென்யாவில் அறிவிப்பு வந்த 7 நாளில் மனு, மனு போட்ட 14 நாளில் தீர்ப்பு. நம் கேமரன் மலைத் தொகுதியில் 2018 மே மாதம் 597 வாக்கில் வந்த வெற்றி செல்லாது என்ற தீர்ப்புக்கு நவம்பர் 30 ஆயிற்று. ஆனால் பதினாலே நாளில் 46,229 தாளை ஆராய்வது என்பது கென்ய வழக்கறிஞர்களுக்கும் மூச்சு முட்டும் வேலை. அவசரமும் ஒரு குறைதான்.

வகுப்புக்குப் பயன்படுத்துவதானால் நியேரி, சியாயா, நக்குரு மூன்றிலிருந்தும் பத்துப் பத்துப் படிவம் எடுத்து, ஏ4இல் அச்சடியுங்கள். கைபேசித் திரையில் 1க்கும் 7க்கும் வித்தியாசம் தெரியாது. மொத்தத்தை மறைத்துக் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். செல்லும் வாக்கும் செல்லாததும் சேர்ந்து பதிந்த தொகையைத் தாண்டுகிறதா என்று பார்க்கட்டும். பிறகு தாளின் கீழ்ப்பகுதிக்கு வரச் சொல்லுங்கள்: எத்தனை இஜென், எத்தனை கட்சி, கையெழுத்துகள் ஒரே பேனா, ஒரே சாய்வா? தோற்றவர் பக்கம் யாராவது அங்கே உட்கார்ந்திருந்தாரா?