செம்மறிக்குத் துத்தநாகமா, மாலிப்டினமா?

மலேசியாவின் குளுவாங் தோட்டப்புறங்களில் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு மலிவு. மாடும் வெள்ளாடும் தாங்கும், செம்மறி தாங்காது. பிண்ணாக்கிலுள்ள செம்பு மாதக்கணக்கில் ஈரலில் சேர்ந்து, திடீரென ஒருநாள் சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போகும். அதன்பிறகு பிழைப்பது அரிது.

இதைத் தடுக்க இரண்டு வழி. ஒன்று, துத்தநாக சல்பேட்: 100 கிலோ தீவனத்துக்கு 10 கிராம். குடற்சுவரிலேயே செம்பை மறித்துவிடும். எடை போடுவது எளிது. சின்னக் கொட்டகைக்கு இதுவே தோது.

மாலிப்டினம் வழியில் அதே 100 கிலோவுக்கு அம்மோனியம் மாலிப்டேட் 0.52 கிராம், சோடியம் சல்பேட் 44 கிராம். இரண்டும் சேர்ந்தால்தான் அசையூண் இரைப்பையில் செம்பைக் கட்டி, புழுக்கையோடு வெளியேற்றும். அரை கிராமைச் சமையல் தராசு காட்டாது. 5.2 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, 100 மில்லியை எடுத்து 2 கிலோ பிண்ணாக்கில் பிசறி, பிறகு மொத்தத்தோடு கலக்க வேண்டும். திட்டுத்திட்டாக விழுந்தால் ஓர் ஆட்டுக்கு மிகையாகிக் கழிச்சல், செம்புக் குறைபாடு வரும்.

எது பலித்தது என்று பார்க்க இரத்தச் செம்பை நம்ப வேண்டாம். ஆடு விழும்வரை அது சாதாரணமாகவே காட்டும். வழிக்கொரு பட்டியாகப் பிரித்து, இரண்டு பட்டியிலும் இரு வாரத்துக்கொரு முறை இரத்தத்தில் ஏ.எஸ்.டி., ஜி.ஜி.டி. (ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள்) பாருங்கள். அறுக்கும் ஆட்டின் ஈரல் துண்டையும் செம்பு அளக்க அனுப்புங்கள்.